டிக்கிக்குள் ஒரு கெடா

குருமூர்த்தியின் அம்பாசிடர் காருக்கு டிக்கி மூடி பதினோரு வருஷம் ஆகிறது. மூடி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, மூடாது, அவ்வளவுதான். உள்ளே தாழ்ப்பாள் திறந்த வாக்கிலேயே இறுகிப்போய்விட்டதால், எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் மூடி ஒரு முறை தலையாட்டிவிட்டு மேலே எழுந்து நிற்கும். ஒரு தேங்காய்நார்க் கயிற்றால் அதைப் பம்பரோடு இழுத்துக் கட்டிக்கொண்டு அவன் பெரம்பலூர் முழுக்க ஓட்டித் திரிந்தான். திருடன் பார்த்தால்கூட, நமக்கு முன்னாலேயே ஒருத்தன் வந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ஒதுங்கிப் போய்விடுவான்.

அவன் அப்பா வாங்கிய கார். அப்பா விட்டுப்போனது இரண்டே சொத்துதான், இந்தக் காரும் ஒரு மாவு மில்லும். டிக்கி மூடாததைப் பற்றிக் குருமூர்த்தி கவலைப்பட்டதில்லை. அவன் குடும்பத்தைக் கெடுத்தது டிக்கி அல்ல, பாட்டு.

காரில் பழைய கேசட் செட்டு ஒன்று இருந்தது. எஞ்சின் ஓடினால் ஊமை. எஞ்சினை நிறுத்தினால் தானாகப் பாடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கை கவிதாவின் மாமனார் இறந்துபோனார். அரியலூரைத் தாண்டி ஜெயங்கொண்டம் ரோட்டில் அவர்கள் ஊர். குருமூர்த்தி கோடித்துணியும் மாலையுமாகப் போய், பாடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, மரியாதையாக எஞ்சினை அணைத்தான். மழையில் நனைந்தபடி ஆணும் பெண்ணும் கொஞ்சுகிற ஒரு டூயட் பாட்டு முழுச் சத்தத்தில் ஆரம்பித்தது. அவசரமாகத் திருகியதில் குமிழ் கையோடு வந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டால் பாட்டு நிற்கும் என்று சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. பறை அடிக்க வந்தவர்கள் நல்ல தொழில்காரர்கள். தாளம் காதில் விழுந்ததும் கை அதன் போக்கில் போய்விட்டது. பிணத்தின் கட்டைவிரல் ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றைக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவருக்குக் கண் தெரியாது, அதனால் இரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

"எங்க மாமனாரு சாவுக்கு டூயட் போட்டவரு இனிமே எங்க வூட்டு வாசப்படிய மிதிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள் கவிதா. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவள் பக்கம் போய்விட்டார்கள். குருமூர்த்தியின் பக்கம் அவன் மனைவி ஜோதி மட்டும் இருந்தாள். அவளும் பாதி நேரம்தான்.

மூன்று வருஷம் கழித்துக் கவிதாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அரியலூரிலிருந்து அரைக்க வந்த ஒருவர் சொல்லித்தான் குருமூர்த்திக்கே தெரியும். கேட்டதும் மில்லைப் பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போய் ஒரு கெடாக்குட்டி வாங்கி வந்தான்.

"இது எதுக்கு?" என்றாள் ஜோதி.

"பிள்ளைக்குக் காது குத்துவாங்கல்ல. அவங்க முனியப்பனுக்குத் தாய்மாமன் கெடாதான வெட்டணும்."

"ஒங்கள யாரு கூப்புட்டா?"

"யாரும் கூப்புடல. வளத்து வச்சிருப்போம். கூப்புட்டா இருக்கும்."

மூன்று வருஷம் கூப்பிடவில்லை. மூன்று வருஷமும் கெடா வளர்ந்தது. மில்லில் சிந்துகிற மாவெல்லாம் அதற்குத்தான். கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், குழந்தைகளுக்கு அரைக்கிற சத்துமாவு. ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டில் போய் நின்றபோது, துறையூர் பஸ் என்று நினைத்து இரண்டு பேர் ஏறப் பார்த்ததாகச் சொல்வார்கள். அது மிகை. ஒருவர்தான்.

போன மாதம் ஜோதிக்குப் போன் வந்தது.

"அண்ணி, சக்திக்குக் காது குத்து வச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம, ஒம்பதுலேருந்து பத்தரைக்குள்ள, முனியப்பன் கோயில்ல. ஒங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிருங்க. மாமன் மடின்னு ஒண்ணு வேணும்ல. வரலன்னா பரவால்ல, சித்தப்பா மவன் அஜித்குமாரு இருக்கான். அவன் மடியும் மடிதான்."

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த குருமூர்த்தி மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது பின்பக்கம் முழுக்க வெள்ளை. அதைத் தட்டக்கூட இல்லை. அப்படியே கார் செட்டு மாட்டுகிற ரஞ்சித்குமார் கடைக்குப் போனான். பாட்டால் வந்த பாவத்தைப் பாட்டால்தான் கழிக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. பம்பையும் உடுக்கையும் முழங்க, முனியப்பன் பாட்டோடு மாமன் சீர் போய் இறங்க வேண்டும்.

"ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு, நாலு ஸ்பீக்கரு, பின்னாடி ஒரு வூஃபரு" என்றான் ரஞ்சித்குமார். "வூஃபரு அடிச்சா நெஞ்சுக்குள்ள கேக்கும்ணே."

"அது கெடக்கட்டும். ஆஃப் பண்ணுனா ஆஃப் ஆவுமா?"

"ரிமோட்டே இருக்குண்ணே."

"ரிமோட்டு இருக்கட்டும்யா. ஆஃப் ஆவுமான்னு கேட்டேன்."

"ஆவும்."

வூஃபர் பெட்டி டிரங்குப் பெட்டி அளவு இருந்தது. பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் அதை வைத்து, திருட்டுப் போகாமலிருக்கப் பலகை அடித்து, இருபத்திரண்டு திருகாணி போட்டு, ஒவ்வொன்றின் தலையையும் அரத்தால் மழித்துவிட்டான் ரஞ்சித்குமார். இனி அதை அவனே நினைத்தாலும் கழற்ற முடியாது. டிக்கி மூடாவிட்டால் அதிர்வெல்லாம் ரோட்டுக்குப் போய்விடும் என்று தாழ்ப்பாளையும் பிரித்து, பழைய டிராக்டரிலிருந்து எடுத்த ஒரு ஸ்பிரிங்கை மாட்டினான். மூடிப் பார்த்தார்கள். டப்பென்று மூடிக்கொண்டது. திறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் பம்பரில் ஏறிக் குதிக்க, மற்றவர் கைப்பிடியை இழுக்க, கால் மணி நேரம்.

"புது ஸ்பிரிங்கு. ரெண்டு வாரத்துல எளகிரும்ணே. அதுவரைக்கும் மூடிராதீங்க."

மூடவில்லை. மறுபடி கயிறு கட்டிக்கொண்டுதான் ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டார்கள். பின்சீட்டில் இருபத்தோரு சீர்த்தட்டு. பழம், பட்டுப்பாவாடை, வளையல், வெல்லம், தேங்காய். ஒவ்வொன்றையும் ஜோதி நான்கு நாளாக அடுக்கியிருந்தாள். கெடாவுக்கு டிக்கியை விட்டால் இடமில்லை. அதை ஏற்ற மில்லிலிருந்து நான்கு பேர் வேண்டியிருந்தது. காற்றுக்காக மூடியை முக்கால்வாசி தூக்கிவைத்துக் கட்டினார்கள்.

அங்கேதான் தப்பு நடந்தது. "நல்ல காரியத்துக்குப் போற வண்டியில இந்தப் பீத்தக் கயிறா" என்று சொல்லி, ஜோதி தேங்காய்நார்க் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது நூல்கயிற்றில் மஞ்சள் தடவிக் கட்டினாள். கட்டியதோடு விடாமல், மங்களமாக இருக்கட்டும் என்று அதில் ஒரு கொத்து மாவிலையையும் செருகினாள். கெடாவின் மூக்குக்கு நேராக.

பேரளி டோல்கேட்டைத் தாண்டும்வரை மாவிலை போனது. அதற்கப்புறம் கயிறு. அடுத்த வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது பின்னால் டப்பென்ற சத்தம் கேட்டது. குருமூர்த்தி ஓரங்கட்டி இறங்கி ஓடினான். டிக்கி மூடியிருந்தது. பம்பரில் அரைச்சாண் மஞ்சள் கயிறு, நுனியில் எச்சிலோடு தொங்கியது.

சாவி திரும்பியது. கைப்பிடி திரும்பவில்லை. அவன் இழுத்தான். ஜோதி பட்டுப்புடவையோடு பம்பரில் ஏறிக் குதித்தாள். இருபது வருஷத்தில் அவள் அவனுக்காகக் குதித்தது அதுதான் முதல் தடவை. டிக்கி அசையவில்லை. பின்சீட்டு வழியாகவும் போக முடியாது, அங்கே ரஞ்சித்குமாரின் இருபத்திரண்டு திருகாணிப் பலகை. உள்ளே கெடா ஒருமுறை கத்தியது, கிணற்றுக்குள்ளிருந்து கத்துவது போல.

மணி எட்டே கால். அப்பொழுதே தகரம் சுட்டது.

ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டான்.

"மூடாதீங்கன்னு சொன்னேனேண்ணே."

"நான் மூடலய்யா. கெடா மூடிருச்சு."

ரஞ்சித்குமார் தொழிலில் இதுவரை கேட்காத புகார். "ஒண்ணு செய்ங்க. செட்ட ஃபுல் சவுண்டுல வைங்க. வூஃபரு அதிர்ச்சியில ஸ்பிரிங்கு எளகலாம். எளகுற நேரம் பாத்து இழுங்க."

வைத்தார்கள். நெஞ்சுக்குள் கேட்கும் என்று அவன் சொன்னது பொய்யில்லை. பம்பைச் சத்தத்தில் ரோட்டோரப் புளியமரத்திலிருந்து புளியம்பழம் உதிர்ந்தது. எதிரே வந்த சிமெண்ட் லாரிக்காரர், கோயில் ஊர்வலம் என்று நினைத்து இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு ஏறிப் போனார். குருமூர்த்தி இழுத்தான், உதைத்தான், கெஞ்சினான். டிக்கி திறக்கவில்லை. ரிமோட்டை அமுக்கினான், சொன்னபடி ஆஃப் ஆனது. ஆனபின் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"ஏங்க, செத்துப்போச்சாங்க?" என்றாள் ஜோதி.

"வாயக் கழுவுடி."

"நான் கேக்கத்தாங்க செஞ்சேன்."

அவன் அழுதேவிட்டான். வெட்டுவதற்காக வளர்த்த கெடா செத்துவிடக் கூடாதே என்று ரோட்டோரம் நின்று தலையில் அடித்துக்கொள்கிறவனைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். அவனுக்கு வரவில்லை. மூச்சடைத்துச் செத்த கெடாவைச் சாமி ஏற்காது. கெடா இல்லாமல் மாமன் சீர் இல்லை. இந்தத் தடவை போகாவிட்டால், கவிதா வீட்டில் இனி அவனை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அவன் சாவுக்குத்தான் அவள் வருவாள். அப்பொழுது அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது.

அரை கிலோமீட்டரில் ஒரு பஞ்சர் கடை. ஞாயிற்றுக்கிழமையானாலும் திறந்திருந்தது. கடைக்காரி இருசம்மாள், ஐம்பது வயது, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, லாரி டயரை ஒற்றைக்கையால் உருட்டுகிறவள். அவள் டிக்கியில் காதை வைத்துக் கேட்டாள்.

"உசுரு இருக்கு. அசை போடுது."

"அசையா?"

"நீங்க ரெண்டு பேரும் அழுவுறத நிறுத்துனா ஒங்களுக்கே கேக்கும்."

ஜாக்கிக் கம்பியைக் கைப்பிடிக்குள் விட்டு நெம்பினாள். டிக்கி திறக்கவில்லை; கைப்பிடி மட்டும் கழன்று அவள் கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. குருமூர்த்தி குனிந்து பார்த்தான். ஓட்டைக்கு அந்தப்பக்கம் ஒரு கண், மஞ்சளாக, படுக்கை வாக்கில் கிடக்கிற கறுப்பு மணியோடு, அவனையே பார்த்தது.

"காத்து வேணும் அதுக்கு" என்றாள் இருசம்மாள். கம்ப்ரெஸரை ஓடவிட்டு, டயருக்குக் காற்று அடிக்கிற குழாயை ஓட்டைக்குள் நுழைத்தாள். "எத்தன பாயிண்டு வைக்கட்டும்?"

"கெடாவுக்கு எத்தன வைப்பாங்க?"

"யாருக்குத் தெரியும். நீங்கதான் மொதல்ல வந்துருக்கீங்க."

இருபதில் ஆரம்பித்து முப்பது வரைக்கும் போனாள். உள்ளே கெடா தும்மியது. அந்தத் தும்மல் குருமூர்த்திக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது. ஒரு பாட்டில் தண்ணீரையும் அதே ஓட்டை வழியாக ஊற்றினார்கள். பாதி உள்ளே, பாதி அவன் வேட்டியில்.

"வெட்டுனாத்தான் தெறக்கும் இது. எங்கிட்ட வெட்டுற மிஷினு இல்ல. அரியலூருல வெல்டிங் பட்டற இருக்கும், ஆனா இன்னிக்கு ஞாயித்துக்கெழம." கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கொண்டுபோறீங்க இத?"

"முனியப்பனுக்கு."

"அப்பறம் என்ன. அவரு பாத்துக்குவாரு. கெளம்புங்க."

அரியலூரில் மூன்று பட்டறையைப் போய்ப் பார்த்தார்கள். மூன்றிலும் பூட்டு. மூன்றாவது பட்டறைக்காரர் வீட்டிலேயே இருந்தார். அவரும் ஒரு காதுகுத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று நின்றது. அரியலூர் சரக்கு ரயிலுக்கு முன்பக்கம் வந்து பின்பக்கம் வருவதற்குள் ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போய்விடும். குருமூர்த்தி இரண்டு தடவை இறங்கிப் போய் ஓட்டையில் கண்ணை வைத்தான். முதல் தடவை கண் இருந்தது. இரண்டாம் தடவை இருட்டு மட்டும்.

ஜோதியின் போன் அடித்தது.

"அண்ணி, எங்க இருக்கீங்க? மணி ஒம்பதே முக்கால். அஜித்குமாரு சட்டையக் கழட்டிட்டு உக்காந்துட்டான்."

"கேட்டுல நிக்குறோம் கவிதா. வந்துட்டோம், வந்துட்டோம்."

"கெடா வருதா?"

ஜோதி புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"வருது" என்றாள். பொய்யில்லை. வந்துகொண்டுதான் இருந்தது.

பத்து ஐந்துக்குக் கோயில் திடலில் கார் நுழைந்தது. பாட்டுப் போட குருமூர்த்திக்குக் கை வரவில்லை. வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. அடுப்பில் அண்டா கொதித்தது. இருநூறு பேருக்கு மசால் அரைத்து, கறி மட்டும் வர வேண்டியதாக இருந்தது. முனியப்பன் ஈட்டியோடு மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். கவிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். ஆறு வருஷத்தில் அவள் காதோரம் ஒன்றிரண்டு நரைத்திருந்தது. குருமூர்த்தி அதைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

தட்டுகளை எடுக்க வந்த பெண்கள் டிக்கியைப் பார்த்துவிட்டு நின்றார்கள். விஷயம் ஒரு நிமிஷத்தில் பரவிவிட்டது.

கவிதாவின் புருஷன் ராஜராஜனுக்குப் பெரியப்பா ஒருவர் உண்டு, அண்ணாதுரை. அந்த வீட்டில் எதற்கும் அவர்தான் கடைசி வார்த்தை. கோலை ஊன்றிக்கொண்டு வந்து டிக்கியை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து பதில் இல்லை.

"உசுரோட இருக்கா மாப்ள?"

"இருக்கு மாமா."

"யாரு பாத்தா?"

குருமூர்த்தி ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தான், இருட்டு.

"சாவுக்கு வந்தா டூயட்டு. காது குத்துக்கு வந்தா பொணம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. யாரும் அதட்டவில்லை.

அண்ணாதுரை கவிதாவைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, நேரம் போவுது. அஜித்த உக்காரச் சொல்லவா?"

கவிதா வாயைத் திறப்பதற்குள் குருமூர்த்தி பூசாரியின் முன்னால் போய் விழுந்தான். "ஒரு தடவ தண்ணி ஊத்திப் பாருங்க பூசாரி. உசுரு இருந்தா சிலுப்பும்ல. டிக்கி மேலயே ஊத்துங்க. ஓட்ட வழியா உள்ள போவும்."

அந்த ஊர் வழக்கம் அது. கெடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், வெட்டலாம். சிலுப்பாவிட்டால் அரிவாளைத் தொடக்கூடாது. பூசாரி யோசித்தார். டிக்கி மேல் ஊற்றக்கூடாது என்று அவர் தாத்தாவும் சொல்லிவைக்கவில்லை. சொம்பை எடுத்து வந்தார். திடல் அடங்கியது. பூசாரி டிக்கியின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

ஒன்றும் இல்லை.

இரண்டாம் தடவை ஊற்றினார். தண்ணீர் வழிந்து நம்பர் பிளேட்டில் சொட்டியது.

மூன்றாம் தடவை. சொம்பில் கடைசிச் சொட்டு விழுந்ததும் கார் சிலுப்பியது.

கெடா சிலுப்பியது என்று சொல்லவில்லை. கார் சிலுப்பியது. பின்பம்பரில் ஆரம்பித்து, கதவு கதவாக ஓடி, முன்னால் பானட்டில் போய் முடிந்தது. நான்கு சக்கரமும் தரையை விட்டுத் துள்ளி உட்கார்ந்தன. வைப்பர் இரண்டும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தன. செட்டு அப்பொழுது ஓடவில்லை என்று குருமூர்த்தி எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். பெண்கள் குலவை போட்டார்கள்.

"இருக்கு" என்றான் குருமூர்த்தி. "உசுரு இருக்கு மாமா." அவன் மூடியின் இடுக்கில் விரலை விட்டு இழுத்தான். "இப்ப டிக்கிய எப்புடியாச்சும்..."

"இரு மாப்ள" என்றார் அண்ணாதுரை. "பூசாரி, தண்ணி எது மேல ஊத்துன?"

"காரு மேல."

"சிலுப்புனது எது?"

பூசாரி தயங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். இருநூறு பேர் பார்த்திருந்தார்கள். "காருதான்" என்றார்.

"அப்ப முனியப்பன் ஏத்துக்கிட்டது காரு. கெடா இல்ல. ஏத்துக்கிட்டத வெட்டாம இங்கேருந்து கொண்டுபோனா குடும்பத்துக்கு ஆவாது."

குருமூர்த்தி சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. ஜோதி அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க, ஒங்கப்பா காருங்க" என்றாள் மெதுவாக. "இதையும் மில்லையும் விட்டா நம்மகிட்ட வேற என்னங்க இருக்கு."

மணி பத்து இருபது. அஜித்குமார் மடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்துச் சூடம் காட்டிவிட்டார். குருமூர்த்தி காரைப் பார்த்தான். அப்பா அதன் பானட்டில் சாய்ந்து நின்று எடுத்த போட்டோவில், அவர் இடுப்பில் இருக்கிற பிள்ளை கவிதா. எட்டு வயசுக்காரனான அவன் படத்தில் இல்லை; உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"வெட்டுங்க" என்றான்.

சொன்னபின் அவனுக்கே அது வேறு யாரோ சொன்னது போலிருந்தது.

பூசாரி இடுப்பில் துண்டை இறுக்கினார். கெடா வெட்டுகிற அரிவாள், ஒரு கை நீளம். ஒரே வெட்டு என்பது அவருக்குக் கௌரவம். இரண்டாவது வெட்டு வெட்டியதாக அவர் வம்சத்தில் பேச்சில்லை. கார் வெட்டியதாகவும் பேச்சில்லை. "முனியப்பா" என்று ஒரு குரல் கொடுத்து, ஓட்டைக்கு நேர் கீழே, மூடியும் பம்பரும் சேருகிற இடுக்கில் இறக்கினார். டிராக்டர் ஸ்பிரிங் அறுந்து பறந்து, எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. மூடி மேலே எழும்பியது.

கெடா எழுந்து நின்றது. தாடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. வூஃபரின் காகித வயிறு முழுவதையும் தின்று, ஒயரில் பாதியையும் முடித்திருந்தது. கீழே குதித்து, இருநூறு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மசால் அண்டாவுக்குப் பக்கத்தில் கிடந்த கறிவேப்பிலையை நோக்கி நடந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை. சாமி கேட்காததைப் பிடித்து என்ன செய்வது.

அண்ணாதுரை கோலைத் தூக்கி அஜித்குமாரைக் காட்டினார். "நீ எந்திரி. மாமன் வந்துட்டான்."

அஜித்குமார் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

குருமூர்த்தி உட்கார்ந்தான். வேட்டியில் மஞ்சள் தண்ணீர், கிரீஸ், துரு. கவிதா வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், குழந்தையை மடியில் வைத்தாள். சக்தி இந்தப் புது ஆளை ஒரு விநாடி பார்த்துவிட்டு வீறிட்டாள். பத்து இருபத்தெட்டுக்கு ஒரு காது, இருபத்தொன்பதுக்கு இன்னொரு காது. ஊசி போனபோது அவள் அவன் தோளைக் கடித்தாள். நல்ல கடி. அவன் அசையாமல் இருந்தான்.

பந்தியில் மட்டன் மசாலில் கத்தரிக்காய் மிதந்தது. எலும்பு கடிபட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள்.

மதியம் ஜோதியும் குருமூர்த்தியும் கெடாவைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். கார் முனியப்பனுக்கு எதிரே, டிக்கி திறந்து, பானட்டில் மாலையோடு நின்றது. பூசாரி அதன் நெற்றியில் மூன்று பட்டை விபூதி போட்டிருந்தார். குருமூர்த்தி சாவியை அண்ணாதுரையிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை; கவிதாவிடம் கொடுக்கச் சொன்னார்.

கவிதா சாவியைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஜோதியிடம் கொடுத்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க அண்ணி. இது சாமி காரு. ஓட்டாம கெடந்தா பேட்டரி போயிரும். எங்க வூட்டுல ஒருத்தருக்கும் கியரு போடத் தெரியாது." வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாரா வாரம் ஞாயித்துக்கெழம ஒங்க வூட்டுக்காரர வந்து ஸ்டார்ட் பண்ணிவச்சுட்டுப் போவச் சொல்லுங்க. மதியச் சோத்துக்கு இங்கயே இருக்கச் சொல்லுங்க."

"காலையில எத்தன மணிக்கு வரணுமாம்?" என்றான் குருமூர்த்தி, ஜோதியைப் பார்த்து.